சிவப்பு இன்ட்டு போட்டால் திருத்தியதாகுமா?

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கணக்கு நோட்டில் ஒரு பக்கம். நான்கு கழித்தல் கணக்குகள். 63-இலிருந்து 21 போனால் 42 என்று எழுதியிருக்கிறது, டிக். 52-இலிருந்து 38 போனால் 26, இன்ட்டு. 71-இலிருந்து 46 போனால் 35, இன்ட்டு. 90-இலிருந்து 27 போனால் 77, இன்ட்டு. மூலையில் நாலுக்கு ஒன்று என்று மதிப்பெண். அதன் கீழே, தவறானவற்றைப் பத்து தடவை எழுதி வரவும் என்ற குறிப்பு. பிள்ளையும் 52 − 38 = 14 என்று பத்து வரி எழுதியிருக்கிறது. மற்ற இரண்டையும் அப்படியே. கடைசியில் ஆசிரியரின் கையெழுத்து, தேதி. திருத்தம் முடிந்துவிட்டது என்று பள்ளி நினைக்கிறது. தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பள்ளிக்குப் போனாலும் இப்படி ஒரு பக்கத்தைப் பார்க்கலாம்.

அந்த மூன்று தப்புகளையும் ஒரு நிமிடம் நின்று பார்த்திருந்தால் விஷயம் புரிந்திருக்கும். மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பார்க்காமல், ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது அந்தப் பிள்ளை. எட்டிலிருந்து இரண்டு, ஆறிலிருந்து ஒன்று, ஏழிலிருந்து பூஜ்ஜியம். மூன்றிலும் ஒரே விதி. எந்த இடத்திலும் கை தவறவில்லை, கவனம் சிதறவில்லை. டிக் வாங்கிய முதல் கணக்கும் இதே விதியில் வந்ததுதான். பதினான்கைப் பத்து முறை எழுதியதால் அந்த விதி இம்மியும் அசையவில்லை. நாளைக்கு 84-இலிருந்து 57-ஐக் கழிக்கச் சொன்னால் அதே பிள்ளை 33 என்று எழுதும். மறுபடி இன்ட்டு, மறுபடி பத்து தடவை.

பிள்ளை தன் மனதில் ஓடியதைத் தாளில் திறந்து காட்டியிருக்கிறது. அதை வாசிக்க வேண்டியவர்கள் வாசிக்கவில்லை. கணக்கு வகுப்பில் பிள்ளைகளின் தவறை என்னவென்று பாராமல் அடித்துவிட்டுப் போகும் இந்த வழக்கத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். இது ஏதோ சில ஆசிரியர்களின் சோம்பல் என்று யாரும் தட்டிக்கழிக்க வேண்டாம். நோட்டு ஆய்வு முதல் பொதுத்தேர்வு வரை மொத்த ஏற்பாடும் இந்த வழக்கத்தைத்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கழித்தலில் பிள்ளைகள் செய்யும் தவறுகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பது புதிய செய்தியும் அல்ல. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1978-லேயே இதை விரிவாக எழுதிவிட்டார்கள். பிள்ளை விதியை மறந்து தடுமாறுவதைவிட, தவறான ஒரு விதியைச் சரியாகப் பின்பற்றுவதே பல இடங்களில் நடக்கிறது என்று காட்டினார்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகிறது. நம் வகுப்பறைகளில் இன்னும் 'கவனக்குறைவு' என்ற ஒரே முத்திரைதான்.

சரி, அந்தத் தவறான விதி பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நாம் சொல்லிக்கொடுத்ததிலிருந்துதான். ஒன்றாம் வகுப்பில் "பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க முடியும்" என்கிறோம். பிள்ளை அதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறது. இரண்டிலிருந்து எட்டு போகாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அதனால் எட்டிலிருந்து இரண்டைக் கழித்தேன் என்கிறது அதன் நோட்டு. "பத்தால் பெருக்கினால் கடைசியில் ஒரு பூஜ்ஜியம் சேர்த்துக்கொள்" என்று மூன்றாம் வகுப்பில் சொல்கிறோம். ஆறாம் வகுப்பில் 3.5-ஐப் பத்தால் பெருக்கச் சொன்னால் 3.50 என்று வருகிறது. "பெருக்கினால் கூடும், வகுத்தால் குறையும்" என்று சொல்கிறோம். எட்டை அரையால் வகுத்தால் பதினாறு என்று நம்ப மறுத்து, நாலு என்று எழுதுகிறது பிள்ளை. முந்நூற்று ஐந்து என்று சொல்லக் கேட்டு 300 எழுதி, பக்கத்தில் 5 சேர்த்து 3005 ஆக்கும் பிள்ளையும் காதில் விழுந்ததைத்தான் எழுதுகிறது. சொன்னபடி கேட்ட பிள்ளைக்கு இன்ட்டு போடுகிறோம். சொன்னவர்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இதைவிடப் பெரிய அநியாயம் வகுப்பறையில் வேறென்ன இருக்கிறது?

சமக்குறியையே எடுத்துக்கொள்ளுங்கள். 8 + 4 = ___ + 5. கோடிட்ட இடத்தில் 7 வர வேண்டும். 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரிடம் இதைக் கொடுத்தார்கள். ஒருவர்கூட 7 எழுதவில்லை. பெரும்பாலோர் 12 என்றார்கள், சிலர் 17 என்றார்கள். 145 பிள்ளைகளுக்குக் கூட்டத் தெரியாமல் இல்லை. ஆறு வருடமாக அந்தக் குறிக்குப் பக்கத்தில் விடையை மட்டுமே எழுதிப் பழகியவர்களுக்கு, இரண்டு பக்கமும் சமம் என்பதற்கு அது அடையாளம் என்று யாரும் பேசிக் காட்டவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளிடம் இந்த ஒரு கணக்கைக் கொடுத்துப் பார்க்கும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வரும் விடைகளை ஒரு தாளில் எழுதி எண்ணிப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் சமன்பாடு என்றதும் பிள்ளைகள் ஏன் மிரள்கிறார்கள் என்பதற்கு விடை அந்தத் தாளில் இருக்கும்.

தவறான விடை மட்டுமல்ல, டிக் வாங்கிய விடையும் ஆசிரியரை ஏமாற்றும். 0.5 பெரிதா, 0.35 பெரிதா? முப்பத்தைந்து ஐந்தைவிடப் பெரிது, அதனால் 0.35 என்பார்கள் பல பிள்ளைகள். இதை ஆசிரியர்கள் அறிவார்கள். ஆனால் 0.5 என்று சரியாகச் சொல்லும் பிள்ளைகளில் ஒரு சாரார், புள்ளிக்குப் பிறகு இலக்கம் நீள நீள எண் சிறுத்துக்கொண்டே போகும் என்று நினைப்பவர்கள். பத்தில் ஒரு பங்கைவிட நூறில் ஒரு பங்கு சின்னது என்று படித்தது மனதில் இப்படித் திரிந்துபோயிருக்கும். அவர்களிடம் 0.4 பெரிதா, 0.45 பெரிதா என்று கேளுங்கள். 0.4 என்பார்கள். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டெயின்லேயும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது இந்தத் தசமக் குழப்பங்களைத்தான். முதல் கேள்வியோடு நிறுத்திக்கொண்ட ஆசிரியர் தப்பான எண்ணத்துக்கு டிக் போட்டு அனுப்பியிருப்பார். "எப்படிச் சொல்றே?" என்ற ஒரு கேள்வி கேட்டிருந்தால் வெளியே வந்திருக்கும்.

அந்தக் கேள்வியைக் கேட்காமலே விட்டால் பிள்ளை எங்கே போய் நிற்கும் என்பதற்குப் பென்னி சாட்சி. கல்வி ஆய்வில் அந்தப் பெயர் பிரசித்தம். 1973-இல் எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் ஆறாம் வகுப்பில் படித்த பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனிடம் உட்கார்ந்து பேசி, அந்தப் பேச்சை எழுதி வெளியிட்டார். பென்னி மக்குப் பிள்ளை அல்ல. அவன் ஆசிரியரின் கணக்கில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளில் ஒருவன். அந்தப் பள்ளியில் ஆசிரியர் பாடம் நடத்துவதைவிடப் பிள்ளைகள் தாங்களே தாள்களைப் போட்டு, விடைக் குறிப்போடு ஒப்பிட்டு, அடுத்த படிக்குப் போவதுதான் முறை. பென்னி மளமளவென்று படி ஏறிக்கொண்டிருந்தான். பத்தில் இரண்டு பங்கைத் தசமத்தில் எழுது என்றால் 1.2 என்று எழுதினான். எப்படி? இரண்டையும் பத்தையும் கூட்டினால் பன்னிரண்டு. நடுவில் ஒரு புள்ளி. பதினொன்றில் நாலு பங்கும் நாலில் பதினொரு பங்கும் அவனுக்கு ஒரே 1.5 தான். கணக்கின் விதிகளை யாரோ ஒரு கெட்டிக்காரர் எப்போதோ வகுத்துவைத்துவிட்டார், விடைக் குறிப்போடு பொருந்தும் விதியைத் தேடிப் பிடிப்பதுதான் நம் வேலை என்பது அவன் முடிவு. சோதனைத் தாள்கள் அவனை வரிசையாகத் தேர்ச்சி பெறவைத்தன. ஒரு பெரியவர் உட்கார்ந்து, எப்படி வந்தது என்று கேட்கும்வரை யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

இங்கே கைடைப் பார்த்து விடை சரிபார்த்து, புக் பேக் கணக்கை மனப்பாடம் செய்து, ஒன் வேர்டு மொத்தத்தையும் ஒப்பிக்கும் பிள்ளைகளில் எத்தனை பென்னிகள் இருக்கிறார்கள்? நமக்குத் தெரியாது, ஏனென்றால் யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை.

கேட்டால் வகுப்பு எப்படி இருக்கும்? ஏழாம் வகுப்பு. அரையையும் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டு என்று ஆளுக்கொரு துண்டுத் தாளில் போடச் சொல்கிறார் ஆசிரியர். வாங்கிப் பார்க்கிறார். பாதிப் பேர் மேலே இருக்கும் ஒன்றையும் ஒன்றையும் கூட்டி, கீழே இருக்கும் இரண்டையும் மூன்றையும் கூட்டி, ஐந்தில் இரண்டு பங்கு என்று எழுதியிருக்கிறார்கள். யார் பெயரையும் சொல்லாமல் அந்த விடையைக் கரும்பலகையில் எழுதுகிறார். சரியா தப்பா என்று சொல்லவில்லை. "இப்படிப் போட்ட பிள்ளை என்ன நினைச்சுப் போட்டிருக்கும்?" என்று கேட்கிறார். ஒருவர் எழுந்து விளக்குகிறார். இன்னொருவர், "சார், பரீட்சையில இரண்டுக்கு ஒண்ணு, மூணுக்கு ஒண்ணு வாங்கினா மொத்தம் அஞ்சுக்கு ரெண்டுதானே?" என்கிறார். நியாயமான கேள்வி! மதிப்பெண்ணை அப்படித்தான் கூட்டுகிறோம். ஆசிரியர் அதை ஒதுக்காமல் பலகையின் ஒரு மூலையில் எழுதிவைக்கிறார். பிறகு ஒரு பெண், "அரையை விட அஞ்சில ரெண்டு சின்னது. அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா எப்படி அரையை விடக் குறையும்?" என்று கேட்கிறாள். வகுப்பு ஒரு கணம் அமைதியாகிறது. அங்கே விடை உடைகிறது. உடைத்தது அந்தப் பிள்ளைகளே. பிறகு மூலையில் எழுதிவைத்ததற்குத் திரும்புகிறார் ஆசிரியர். மதிப்பெண்ணில் ஒவ்வொரு பரீட்சையின் மொத்தமும் வேறு. இங்கே பாதி ரொட்டியும் மூன்றில் ஒரு பங்கு ரொட்டியும் ஒரே அளவு ரொட்டியிலிருந்து வர வேண்டும். மீ.சி.ம. எதற்கு என்பது அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

"ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்" கதையும் இதேதான். ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் என்று எழுதும் பிள்ளையை நூறு முறை எழுதவைக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. ஏ-க்கு 2, பி-க்கு 3 போட்டுப் பார் என்று சொன்னால் ஒரு பக்கம் 25, மறுபக்கம் 13. விடுபட்ட 12 எங்கே போயிற்று என்று பிள்ளை தானே தேடும். ஒரு சதுரம் வரைந்து பக்கங்களை இரண்டும் மூன்றுமாகப் பிரித்துக் காட்டினால் ஓரத்தில் இரண்டு செவ்வகம் கிடைக்கும், ஆளுக்கு ஆறு. அதைப் பார்த்த பிள்ளைக்கு இம்போசிஷன் வேண்டாம்.

தவறைப் பலகையில் எழுதிப் பேசினால் தவறே மனதில் பதிந்துவிடும் என்று பல ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். அக்கறையில் பிறந்த அச்சம்தான். ஆனால் ஆதாரம் அதற்கு எதிராக இருக்கிறது. ராபர்ட் சீக்லர் என்ற உளவியலாளர் செய்த ஆய்வுகளில், சரியான விடை ஏன் சரி என்று மட்டும் விளக்கிய பிள்ளைகளைவிட, தவறான விடை ஏன் தவறு என்பதையும் சேர்த்து விளக்கிய பிள்ளைகள் நன்றாகக் கற்றார்கள். 2012-இல் டர்க்கின், ரிட்டில்-ஜான்சன் இருவரும் நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தசமத்தில் செய்த ஆய்வும் அதையே சொன்னது: சரியானதையும் தவறானதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டவர்களுக்குத் தெளிவு கூடியது. தவறு பிள்ளையின் மனதில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. பேசாமல் விட்டால்தான் அது பதியும். பலகையில் தவறை எழுதிவிட்டு, மணி அடித்ததும் முடிவு சொல்லாமல் போய்விட்டால் கேடு உண்டு, ஒப்புக்கொள்கிறோம். பேச்சைத் தொடங்கியவர் முடிக்கவும் வேண்டும்.

பெயர் சொல்லி நிறுத்துவது வேறு விஷயம். அதில் சமரசமே கிடையாது. "இந்த மக்கு எப்படிப் போட்டிருக்கு பாருங்க" என்று நோட்டைத் தூக்கிக் காட்டுவது தவறைப் பற்றிய உரையாடல் ஆகாது, அது கொடுமை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. 29-ஆம் பிரிவில், பிள்ளை அச்சமும் பதற்றமும் இல்லாமல் தன் கருத்தைத் தாராளமாகச் சொல்ல உதவ வேண்டும் என்கிறது. தவறான விடையும் பிள்ளையின் கருத்துதான். அதைச் சொன்னதற்காகப் பெஞ்சு மேல் ஏற்றுவதும், முட்டி போடவைப்பதும், மக்கு என்று பட்டம் கட்டுவதும் சட்ட மீறல். கணக்கு வகுப்புக்கு மட்டும் விலக்கு எதுவும் இல்லை.

பயத்தைப் பற்றி முன்பே எச்சரித்திருக்கிறார்கள். 2005-இன் தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதக் கற்பித்தலை ஆராய்ந்த குழுவுக்குச் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் ஆர். ராமானுஜம் தலைவராக இருந்தார். அந்தக் குழு நான்கு பெரிய சிக்கல்களைச் சுட்டியது. முதலில் நின்றது, பெரும்பாலான பிள்ளைகளிடம் கணக்கைப் பற்றி இருக்கும் அச்சமும் தோல்வி உணர்வும். கணக்கென்றால் இயந்திரத்தனமாகப் போடுவது என்று நினைக்கவைக்கும் முரட்டு மதிப்பீட்டு முறைகளையும் அது குறை சொன்னது. இருபது வருடம் கடந்துவிட்டது. சென்னையிலிருந்து ஒருவர் தலைமை தாங்கி எழுதிய அறிக்கை சென்னையின் பள்ளிகளுக்கே இன்னும் போய்ச்சேரவில்லை.

ஆசிரியர்கள் மேல் மட்டும் பழி போடுவது நேர்மையல்ல. ஆய்வுக்கு வரும் அலுவலர் நோட்டைப் புரட்டும்போது எதைப் பார்க்கிறார்? எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து இருக்கிறதா, தேதி இருக்கிறதா, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கிறதா. தவறு நிறைந்த நோட்டு ஆசிரியருக்குக் கெட்ட பெயர். அதனால் ஆசிரியர் என்ன செய்கிறார்? கணக்கைத் தானே பலகையில் போட்டு, பிள்ளைகளைப் பார்த்து எழுதவைக்கிறார். முப்பது நோட்டிலும் ஒரே கணக்கு, ஒரே படிகள், எல்லாம் டிக். தனியார் பள்ளிகளில் ரஃப் நோட்டில் பிள்ளை தானாகப் போட்டது ஒன்று, பெற்றோர் பார்ப்பதற்கென்று ஃபேர் நோட்டில் ஏறுவது வேறு. பெற்றோரும் டிக்குகளை எண்ணிப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். தவறில்லாத அந்த நோட்டில் பிள்ளை எங்கே இருக்கிறது?

2012-13-இல் முப்பருவ முறையோடு வளரறி மதிப்பீடு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் அதற்கு. பிள்ளை எங்கே தடுக்குகிறது என்று பாடம் நடக்கும்போதே பார்த்துக் கைகொடுப்பதுதான் அதன் நோக்கம். கடைசியில் சார்ட் ஒட்டுவதும் பொருள் செய்து வருவதுமாகப் பல இடங்களில் கரைந்துபோனது. 2022-இல் எண்ணும் எழுத்தும் வந்தது. பாட்டும் பொருளும் செயலுமாகச் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கை நெருக்கமாக்கிய திட்டம் அது; பாராட்டுகிறோம். ஆனால் அங்கும் பிள்ளையை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்ததோடு மதிப்பீடு நின்றுவிடக் கூடாது. கழித்தலில் அரும்பு நிலையில் இருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒன்று பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கிறது, இன்னொன்று கடன் வாங்கிவிட்டுப் பத்தாம் இடத்தில் ஒன்றைக் குறைக்க மறக்கிறது. இரண்டுக்கும் ஒரே பயிற்சித்தாள் உதவாது.

ஏசர் ஆய்வின் 2024 அறிக்கைப்படி ஊரக இந்தியாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 30.7 சதவீதத்தினரே வகுத்தல் கணக்கைச் சரியாகப் போட்டார்கள். இந்த எண்ணை வைத்துத் தொலைக்காட்சியில் ஒரு வாரம் விவாதித்தோம். காய்ச்சல் எத்தனை டிகிரி என்று அளந்துவிட்டு எதனால் காய்ச்சல் என்று கேட்காமல் வீட்டுக்கு அனுப்புவது போன்றது இது. மீதிப் பிள்ளைகள் வகுத்தலில் என்ன எழுதினார்கள் என்பதுதான் ஆசிரியருக்குத் தேவை.

பத்தாம் வகுப்பைப் பொறுத்தவரை இதுபோன்ற கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர்கள் தேர்வுத் துறையினர். ஆண்டுதோறும் சுமார் ஒன்பது லட்சம் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை எழுதுகிறார்கள். 2024-இல் கணக்கில் சென்டம் எடுத்தவர்கள் 20,691 பேர். 2025-இல் 1,996 பேர். பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. ஒரே வருடத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் கணித அறிவு பத்தில் ஒன்றாகிவிடவில்லை. எந்தக் கேள்வியில் விழுந்தார்கள், எந்தப் படியில் வழுக்கினார்கள், கேள்வி புரியவில்லையா, பாடமே புரியவில்லையா? விடைத்தாளைத் திருத்திய ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்குத் துண்டு துண்டாகத் தெரியும். அதைத் திரட்டி, கேள்விவாரியாக எழுதி, எல்லோரும் படிக்க ஆண்டுதோறும் வெளியிடும் வழக்கம் நம் தேர்வுத் துறையிடம் இல்லை. சென்டம் எண்ணிக்கையை மட்டும் முடிவு நாளன்று காலையில் அறிவிக்கிறார்கள்.

செய்ய முடியாத காரியமா இது? ஐ.சி.எஸ்.இ. தேர்வை நடத்தும் சி.ஐ.எஸ்.சி.இ. வாரியம் மாணவர்கள் எந்தக் கேள்வியில் என்ன பொதுவான தவறு செய்தார்கள், ஆசிரியர்கள் என்ன செய்யலாம் என்று பாடவாரியாக அறிக்கை வெளியிட்டு வந்திருக்கிறது. பக்கத்தில் இலங்கையில் பரீட்சைத் திணைக்களம் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு மதிப்பீட்டு அறிக்கைகளைத் தயாரிக்கிறது. தமிழிலும் அவை வருகின்றன. யாழ்ப்பாணத்துக் கணித ஆசிரியர் கையில் தமிழில் இருக்கும் ஒன்று, மதுரை ஆசிரியருக்கு ஏன் இல்லை?

தில்லிக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில், காரணிப்படுத்தல் பாடத்தின் முடிவில், பிழையைக் கண்டுபிடித்துத் திருத்து என்று ஒரு பகுதி இருந்தது. அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் நாலை முதல் உறுப்போடு மட்டும் பெருக்கிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவது போன்ற, பிள்ளைகள் நிஜமாகச் செய்யும் தவறுகளை வரிசையாகக் கொடுத்திருந்தார்கள். 2022-இல் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று கத்தரியை எடுத்தபோது அந்தப் பகுதியையும் வெட்டினார்கள். பெருந்தொற்றில் இரண்டு வருடம் வகுப்பறையையே காணாமல், தவறான விதிகளோடு திரும்பி வந்த பிள்ளைகளுக்கு மிகவும் தேவைப்பட்ட பயிற்சி அதுதான். 2025-இல் வந்த புதிய நூலான 'கணித பிரகாஷ்' தவறைக் கவனித்துத் திருத்தும் பகுதியை மீண்டும் சேர்த்திருக்கிறது; நல்லது. இடையில் மூன்று கல்வியாண்டுப் பிள்ளைகள் அது இல்லாமல் கடந்து போனார்கள் என்பதையும் பதிவு செய்கிறோம். நம் மாநிலப் புத்தகங்களில் பிழை கண்டறியும் வினாக்கள் ஆங்காங்கே தலைகாட்டுகின்றன. அவை பாடத்தின் கடைசியில் ஒண்டிக்கொண்டிருந்தால் போதாது. போர்ஷன் முடிக்கும் அவசரத்தில் ஆசிரியர் முதலில் விடுவது கடைசிக் கணக்கைத்தான்.

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒவ்வொரு கணக்குப் பாடத்துக்கும் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறுகளையும், அவற்றின் பின்னால் இருக்கும் எண்ணத்தையும், வகுப்பில் அதை எப்படிப் பேசுவது என்பதையும் தமிழில் ஒரு கையேடாகத் தர வேண்டும். அதை எழுதப் பேராசிரியர்கள் மட்டும் போதாது. முப்பது வருடம் கணக்குப் போட்டுக்கொடுத்த ஆசிரியர்களை அழைத்து உட்காரவைக்க வேண்டும். அவர்களிடம் இருக்கும் செய்தி எந்த நூலகத்திலும் இல்லை. பி.எட். படிப்பவர்கள் பயிற்சிக் காலத்தில் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டினால் போதும் என்ற நிலை மாறி, நிஜப் பிள்ளைகளின் நோட்டுகளை வாங்கி, தவறுகளை வகைப்படுத்தி, பிள்ளையோடு பேசி அறிக்கை எழுத வேண்டும். நோட்டு ஆய்வுக்குப் போகும் அலுவலர்களுக்கு எழுத்துப்பூர்வமாக உத்தரவு போக வேண்டும்: அடித்தல் திருத்தல் இருக்கும் நோட்டைக் குற்றமாகப் பார்க்கக் கூடாது, தவறான படி அழிக்கப்படாமல் இருக்கட்டும், அதன் பக்கத்திலேயே எங்கே தவறியது என்று பிள்ளை தன் வார்த்தையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பத்து தடவை எழுதவைப்பதைக் கணக்குப் பாடத்தில் அடியோடு நிறுத்த வேண்டும். தனியார் பள்ளி நிர்வாகங்கள் ஃபேர் நோட்டு வேடத்தைக் கைவிட வேண்டும். வாரத்தில் ஒரு பீரியடாவது தவறுகளைப் பேசுவதற்கென்று கால அட்டவணையிலேயே ஒதுக்கினால்தான், போர்ஷன் என்ற காரணத்தைச் சொல்லி யாரும் அதை விழுங்க மாட்டார்கள். ஈராசிரியர் பள்ளிகளில் ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பைக் கட்டி மேய்க்கும் நிலையில் இதைக் கேட்பது எவ்வளவு பாரம் என்று அறிவோம். ஆசிரியர் காலியிடங்களை நிரப்புவதும் அரசின் கடமைதான். அதையும் சேர்த்தே கேட்கிறோம்.

பெற்றோர்களே, இன்று மாலை பிள்ளை நோட்டைக் காட்டும்போது இன்ட்டு போட்ட கணக்கில் விரலை வைத்து, "இதை எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.

தேர்வுத் துறையிடம் கேட்பது ஒன்று. இந்த ஆண்டுப் பத்தாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள்கள் கழிவுக் காகிதமாகப் போவதற்கு முன், எல்லா மாவட்டங்களிலிருந்தும் ஒரு பகுதியை எடுத்து, கணக்கு ஆசிரியர்களைக் கொண்டு கேள்விவாரியாகத் தவறுகளைத் தொகுக்க வேண்டும். பிள்ளைகளின் பெயரோ பள்ளியின் பெயரோ அதில் இருக்கக் கூடாது. எந்த மாவட்டம் முன்னே, எது பின்னே என்ற பட்டியலும் கூடாது. அரையாண்டுத் தேர்வுக்கு முன் அந்த அறிக்கை தமிழில் அச்சாகி, மாநிலத்தின் ஒவ்வொரு கணக்கு ஆசிரியர் கைக்கும் வந்து சேர வேண்டும். எந்தத் தேதியில் வரும் என்பதைத் துறை இப்போதே அறிவிக்கட்டும்.